பேராசிரியர் அடக்கம்

எங்கள் கட்டடத்தில் யார் வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் அலைவதில்லை. என் வீட்டுக் கதவு படிக்கட்டை ஒட்டி இருக்கிறது. படியில் நின்று பேசுகிறவர்கள் யாரும் மெதுவாகப் பேசுவதில்லை, அவ்வளவுதான். அப்படி இருந்தும் மேல்மாடிப் பேராசிரியர் காலமானது எனக்குத் தெரியாமல் போயிற்று. அவருக்கே தெரியாது என்பதால் அதை நான் பெரிய மானக்கேடாக எடுத்துக்கொள்ளவில்லை. பல்கலைக்கழகத்தின் கணக்குப்படி அவர் உயிர் பிரிந்த செவ்வாய்க்கிழமை காலையில், தண்ணீர்த் தொட்டி கழுவுகிற முறை தன்னுடையது இல்லை என்று கீழ்வீட்டுக்காரரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். நல்ல தொண்டை. நான்கு மாடிக்கும் கேட்டது.

மண்ணியல் பேராசிரியர் அவர். எந்த மண்ணில் என்ன சத்து, எது மழைக்குக் கரையும், எது கரையாது என்று ஆயுள் முழுக்க எழுதியவர். ஓய்வு பெற்று வெகு காலம் ஆகிறது. மனைவி போனபிறகு மகளோடு இருக்கிறார். மகளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. அவருக்கு இன்னும் பாப்பா. அவர் கூப்பிட்டுக் கூப்பிட்டு எங்களுக்கும் அவள் பாப்பாதான். கண் மருத்துவமனையில் வேலை. வருகிறவர்களை இருட்டறையில் உட்காரவைத்து, சுவரில் எழுத்தைக் காட்டி, “இது தெரியுதா? இப்ப தெரியுதா?” என்று நாள் முழுக்கக் கேட்டுவிட்டு வீடு திரும்புவாள். வாசலிலேயே அப்பா அதே கேள்வியோடு நிற்பார்: “பாப்பா, என் கண்ணாடி எங்கயாவது தெரியுதா?”

அந்த மருத்துவமனை வேறொரு ஊரில் கிளை திறக்கிறது. அதற்குப் பொறுப்பாக இவளைப் போகச் சொன்னார்கள். இதற்கு முன்னாலும் இரண்டு முறை இப்படிப்பட்ட வாய்ப்பு வந்து, அப்பா வரமாட்டேன் என்றதால் இவள் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். இந்த முறை தலைமை மருத்துவர், “இதோட நான் கேக்கமாட்டேன்மா. அடுத்த தடவை உன் பேரு என் ஞாபகத்துக்கு வராது” என்று சொல்லிவிட்டாராம். ஒன்றாம் தேதி அங்கே போய்ச் சேர வேண்டும்.

பேராசிரியர் ஒரு நிபந்தனை போட்டார்.

“என் காகிதமெல்லாம் போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரட்டும். அப்புறம் நீ சொல்ற இடத்துக்கு நான் வர்றேன்.”

போய்ச் சேரவேண்டிய இடம் என்று அவர் சொன்னது பல்கலைக்கழக நூலகத்தின் ஆவணக் காப்பகத்தை. அவருடைய காகிதங்களை நான் பார்த்திருக்கிறேன். சாப்பாட்டு மேசை, மேசைக்குக் கீழே, கட்டிலுக்கு அடியில், குளிர்பெட்டியின் தலையில், எங்கே பார்த்தாலும் கட்டுக் கட்டாக. வரைபடங்கள், மண் பரிசோதனைக் குறிப்புகள், துறைக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகள், பத்திரிகைகளுக்கு அவர் எழுதிய கண்டனங்கள், அவற்றை வெளியிடாத பத்திரிகைகளுக்கு எழுதிய மறு கண்டனங்கள். பாப்பா பல வருடமாக நின்றுகொண்டேதான் சாப்பிடுகிறாள்.

காப்பகத்தின் பொறுப்பாளர் யார் என்கிறீர்கள்? என் எதிர்வீட்டுப் பெட்டியக்கா. நூலகத்தின் அடித்தளத்தில் சிறப்புச் சேகரிப்புப் பிரிவு என்று ஒன்று; அதன் தலைவி. இறந்துபோன அறிஞர்களின் காகிதங்களை வாங்கி, தூசி தட்டி, துருப்பிடித்த குண்டூசிகளைப் பிடுங்கி, பூச்சி அண்டாத அட்டைப் பெட்டிகளில் போட்டு வைக்கிற வேலை. பெயரைக் கேட்டால் கண்ணாடிப் பேழையும் ஓலைச்சுவடியும் நினைவுக்கு வரும். மாலையில் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியேறுவதைப் பார்த்தால் மூட்டை தூக்குகிறவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள்.

“அபூர்வமான பொருளெல்லாம் இருக்காமே அக்கா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“அங்க அபூர்வமானது ஒண்ணே ஒண்ணுதான். லிஃப்ட் ஓடுறது.”

பாப்பா அவளைப் படியில் மடக்கியபோது நான் கதவுக்குப் பின்னால் குடையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

“அக்கா, அப்பாவோட பேப்பரைக் கொஞ்சம் எடுத்துக்கங்களேன்.”

“எவ்வளவு இருக்கும்?”

“எல்லாமே.”

“ஏய், அங்க ஊசி குத்த இடம் இல்லடி. போன மாசம்தான் ஒரு பொறியாளர் வந்தாரு. ஆளு இல்ல, பெட்டி. பாலம் பாலமா வரைஞ்சு தள்ளியிருக்காரு மனுஷன். அவரை இன்னும் நடைபாதையில்தான் வச்சிருக்கேன். தாண்டித் தாண்டிப் போறேன்.”

பாப்பா கெஞ்சவில்லை. காய்கறிப் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

“சரிக்கா. கேட்டுப் பார்க்கலாம்னுதான் கேட்டேன்.”

கெஞ்சியிருந்தால் பெட்டியக்கா மறுத்திருப்பாள். இரண்டு படி இறங்கியவள் திரும்பி நின்று பெருமூச்சு விட்டாள்.

“சனிக்கிழமை வண்டி அனுப்புறேன். அந்த மறு கண்டனத்தை மட்டும் எங்கயாவது தொலைச்சுடு.”

பெட்டிகள் போயின. அந்த வாரம் பாப்பா முதல்முறையாக நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டாள் என்று கேள்வி. பேராசிரியரும் ஒழுங்காகச் சட்டைகளை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆனால் புறப்பட இன்னும் சில நாட்களே இருக்கும்போது அவருக்கு ஒரு சந்தேகம். காகிதங்களை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று ஒரு கண் பார்த்துவிட்டால்தான் நிம்மதியாகக் கிளம்புவாராம். பாப்பாவுக்கு விடுப்பு இல்லை. துணைக்கு நான் போனேன். துணை வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்வதற்குள் நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

அடித்தளத்து வாசிப்பறை எங்கள் தெருமுனை மருந்துக்கடையைவிடச் சற்றுப் பெரியது. ஜன்னல் கிடையாது. உள்ளே போகுமுன் பையை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டும். பேனாவுக்கு அனுமதி இல்லை, மை சிந்திவிடுமாம், பென்சில் மட்டும். பேராசிரியர் சட்டைப் பையிலிருந்து மூன்று பேனாக்களை ஒவ்வொன்றாக, ஆயுதத்தை ஒப்படைக்கிறவர் மாதிரி எடுத்து வைத்தார். மேசையில் இருந்தவர் சளி பிடித்த மூக்கோடு கணினியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“யாரோட சேகரிப்பு பார்க்கணும்?”

பேராசிரியர் தன் பெயரை முன்பட்டம் பின்பட்டம் எல்லாம் சேர்த்துச் சொன்னார். மேசைக்காரர் தட்டினார், பார்த்தார், மூக்கைத் துடைத்தார்.

“இது இப்ப பார்க்க முடியாதுங்களே. வாரிசோட அனுமதி வேணும்.”

“யாரோட வாரிசு?”

“காலமானவரோட வாரிசு.”

“யார் காலமானது?”

“இந்தப் பேராசிரியர்தான். போன செவ்வாய்க்கிழமைன்னு போட்டிருக்கு.” குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டார். “நீங்க அவருக்கு என்ன வேணும்?”

பேராசிரியர் சற்று யோசித்தார். “ரொம்ப நெருக்கம்.”

இனியும் சும்மா இருந்தால் நான் எதற்கு? “அவரே இவருதாங்க!” என்றேன். வாசிப்பறையில் சத்தம் போடக் கூடாது என்று எழுதியிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.

மேசைக்காரர் அவரைப் பார்த்தார்; திரையைப் பார்த்தார். எதை நம்புவது என்று ஒரு நிமிடம் தவித்துவிட்டுத் திரையை நம்பினார். பேராசிரியர் பழைய அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். “முகமெல்லாம் ஒத்துப்போகுதுங்க. ஆனா சிஸ்டம் ஒத்துக்கணுமே?”

உள்ளறையிலிருந்து பெட்டியக்கா தூசிக் கவசத்தோடு வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கவசத்தைக் கழற்றினாள், மறுபடி மாட்டிக்கொண்டாள். பிறகு மாடிக்குத் தொலைபேசியில் பேசினாள். கணினியில் விவரம் ஏற்றுகிற அம்மாள் ஒரு துண்டுச் சீட்டோடு இறங்கி வந்தாள். லிஃப்ட் ஓடாததால் மூச்சு வாங்கியது.

“நீங்க எழுதிக் குடுத்ததுதானே இது?” என்று சீட்டை நீட்டினாள். பெட்டியக்காவின் கையெழுத்தில் இப்படி இருந்தது: ‘பேராசிரியர் – அடக்கம் – செவ்வாய்.’

பெட்டியக்கா பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

விஷயம் இதுதான். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்கிற விவரத்துக்கு உள்ளடக்கம் என்று பெயர். பெட்டியின் முதுகில் ஒட்டுகிற சீட்டு விரல் அகலம். எழுதி எழுதிக் கை ஓய்ந்த பெட்டியக்கா என்றைக்கோ ‘உள்’ளை விட்டுவிட்டாள். அடக்கம் என்று எழுதினால் அவளைப் பொறுத்தவரை பெட்டியில் அடங்கியிருப்பது. பேராசிரியரின் பெட்டி விவரத்தைச் செவ்வாய்க்கிழமை அனுப்புகிறேன் என்று சொல்லத்தான் அந்தச் சீட்டு. மாடி அம்மாள் அதை இறுதிச் சடங்கு அறிவிப்பாக எடுத்துக்கொண்டு, மனுஷனுக்குத் தேதி போட்டு மூடிவிட்டாள்.

“ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாமில்ல?” என்றாள் பெட்டியக்கா.

“நல்லா இருக்கே! இங்க வர்றவங்க எல்லாரும் போனப்புறம்தானே வர்றாங்க? ஒருத்தராவது முன்கூட்டியே வந்திருக்காங்களா? நான் அன்னிக்கு உங்களுக்குத் துக்கமா இருக்கும்னு போன்கூடப் பண்ணலை.”

பேராசிரியர் அந்தச் சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொட்டிச் சண்டையில் கேட்ட தொண்டை எங்கே போயிற்று என்று எனக்கே கவலையாகிவிட்டது.

“ஆயுசெல்லாம் மண்ணைப் பத்தி எழுதினேன். ஒரு துண்டுச் சீட்டுல என்னை அதுக்குள்ளயே அனுப்பிட்டீங்க” என்றார். “தேதியை எடுங்க.”

எடுக்க முடியாதாம். பிறந்த தேதி தப்பாக இருந்தால் மாடி அம்மாளே திருத்தலாம். இறந்த தேதி போட்டு மூடிவிட்டால் நூலக இயக்குநர்தான் திறக்க வேண்டும். இயக்குநர் வெளியூர்க் கருத்தரங்கில் இருக்கிறார். வர மூன்று வாரமாகும். அதுவரை வாரிசு கையெழுத்துப் போட்டால்தான் எந்தப் பெட்டியும் நகரும்.

“அப்படியா? அப்ப என் காகிதம் மொத்தத்தையும் திருப்பிக் குடுங்க. நான் எங்கயும் போகலை. எந்த ஊருக்கும் வரலை. பாப்பாவைக் கூப்பிடுங்க.”

 பாப்பா வீட்டுச் சொந்தக்காரரிடம் ஒன்றாம் தேதிக்குள் சாவி தருவதாகச் சொல்லிவிட்டாள், பாத்திரங்களைக் கட்டியாகிவிட்டது. பெட்டியக்கா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். பிறகு அவள்தான் தொலைபேசியை எடுத்தாள்.

பாப்பா மதிய இடைவேளையில் வெள்ளைக் கோட்டோடு வந்தாள். பெட்டியக்கா எல்லாவற்றையும் சொல்லிமுடித்தபோது அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. காலையிலிருந்து எத்தனையோ பேர் சொன்ன எழுத்துகளோடு இதையும் கேட்டுக்கொண்டது மாதிரி நின்றாள். மேசைக்காரர் இரண்டு படிவங்களை நீட்டினார். ஒன்று பெட்டியைப் பார்க்க, இன்னொன்று மொத்தமாகத் திரும்பப் பெற.

“ரெண்டாவதுல போடு” என்றார் பேராசிரியர்.

அங்கேயும் ஒரு சிக்கல். கையெழுத்து பேனாவில்தான் போட வேண்டும். பேனாவை உள்ளே கொண்டுவரக் கூடாது. ஆகவே அப்பாவும் மகளும் வெளியே நடைபாதைக்குப் போனார்கள். என் பையைப் பூட்டினேனா என்று எனக்குச் சட்டென்று சந்தேகம் வந்துவிட்டதால் நானும் அலமாரிப் பக்கம் போனேன்.

பாலம் கட்டிய பொறியாளரின் பெட்டிகள் மேல் படிவத்தை வைத்துக்கொண்டு பாப்பா நின்றாள்.

“அப்பா, பேப்பர் திரும்பி வந்தா எங்க வைக்கிறது?”

“வீட்டுல.”

“வீட்டை விடறேன்னு சொல்லியாச்சே?”

“விடலைன்னு சொல்லு.”

“சரிப்பா. வேலையும் வேண்டாம்னு சொல்லிடலாம்.” குரலில் சூடே இல்லை. பை எடை அதிகம் என்று கீழே வைக்கிறவள் குரல். கைத்தொலைபேசியை எடுத்து எண்ணைத் தட்டி அவரிடம் நீட்டினாள். “டாக்டர் நம்பர்தான். அழுத்தினாப் போதும். இந்தத் தடவை நீங்க சொல்லிடுங்க.”

“நான் எதுக்கு? உன் வேலை.”

“ரெண்டு தடவை நான் சொல்லிட்டேன். மூணாவது தடவை சொல்லத் தெம்பு இல்ல. பொய் ஒண்ணும் வேண்டாம்ப்பா, என் மக வரமாட்டா, நான் விடலைன்னு சொன்னாப் போதும். பேசி முடிங்க, நான் கையெழுத்துப் போடறேன்.”

பேராசிரியர் தொலைபேசியைத் தூரப் பிடித்துப் பார்த்தார்.

“கண்ணாடி எடுத்துட்டு வரலை.”

பாப்பா கோட்டுப் பையிலிருந்து அவருடைய மாற்றுக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை மாட்டிக்கொண்டார். இப்போது தெளிவாகத் தெரிந்திருக்கும். மாட்டிக்கொண்டு எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். திரை அணைந்துபோயிற்று. பாப்பா அதை மறுபடி தட்டி எரியவைத்தாள். மறுபடி அணைந்தது. நான் என் அலமாரியைத் திறந்து பூட்டி, திறந்து பூட்டிக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்வது?

“முதல் படிவத்துல போடு” என்றார் கடைசியில். “என்னதான் வச்சிருக்காங்கன்னு பார்ப்போம்.”

பாப்பா பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தாள். ‘இறந்தவருக்கு என்ன உறவு’ என்ற இடத்தில் மகள் என்று எழுதினாள். அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

“அந்த ‘இறந்தவருக்கு’ங்கறதை அடிச்சிடு.”

“அடிச்சாச் செல்லாதுப்பா.”

பெட்டியக்கா முதல் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். ஒரு நேரத்தில் ஒரு பெட்டிதான் தருவார்களாம். வெள்ளைத் தாள் உறைகளில் எல்லாம் அழகாக அடங்கியிருந்தன. அவர் வீட்டில் அவை இவ்வளவு மரியாதையாக இருந்ததே இல்லை. பேராசிரியர் ஒரு மன்னிப்பை ஏற்கிறவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து முதல் உறையைப் பிரித்தார். படித்தார். இரண்டாவதைப் பிரித்தார். மூன்றாவதில் வேகம் கூடியது. படிக்கிற வேகம் இல்லை, தள்ளுகிற வேகம்.

“துறைக்கு நாற்காலி வாங்கறதைப் பத்தி ஒரு கூட்டம்” என்றார். “இது அதையே தள்ளிவச்ச கூட்டம். இது…” தாளைத் திருப்பிப் பார்த்தார். “இதுவும் நாற்காலிதான்.”

 மேசைக்காரர் மூக்கை உறிஞ்சினார்.

“இதையெல்லாம் நான் எதுக்கு வச்சிருந்தேன்?”

“எல்லாரும் கேக்கற கேள்விதான் சார்” என்றாள் பெட்டியக்கா. “வழக்கமா பிள்ளைங்க வந்து கேப்பாங்க.”

“இதைப் படிக்க யாராவது வருவாங்களா?”

பெட்டியக்கா பொய் சொல்லியிருக்கலாம். ஆய்வு மாணவர்கள் வருவார்கள், வெளிநாட்டிலிருந்து எழுதுவார்கள் என்று ஏதாவது. அன்றைக்கு அதற்குக்கூட அவளிடம் பலம் இல்லை போலிருக்கிறது.

“வரலாம் சார். மண்ணு அறிக்கை நல்லாவே இருக்கு, அதுக்கு வருவாங்க. நாற்காலிக்கு வரமாட்டாங்க. இதுவரைக்கும் வந்தது நீங்க ஒருத்தர்தான்.”

அவர் உறைகளை வந்த வரிசையிலேயே திரும்ப அடுக்கினார். பெட்டியின் மூடியைப் போட்டு இரண்டு கையாலும் அழுத்தினார். சுவரோரமாக நின்றுகொண்டிருந்த மகளிடம் திரும்பினார்.

“செத்தவன்கிட்ட சம்மதத்துக்கு என்ன நின்னுக்கிட்டிருக்க? வாரிசு நீ. வண்டிக்குச் சொல்லு.”

பாப்பா ஓடிவந்து அவர் கையைப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்துத்தான் நான் முந்தானையைத் தயாராக எடுத்தேன். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“ஆளுங்க காத்திருப்பாங்கப்பா, நான் போகணும். ” என் பக்கம் திரும்பினாள். “அக்கா, இவரை வீட்டுல விட்டுடறீங்களா? வழியில ஏதாவது சாப்பிட வாங்கிக் குடுங்க, காலையில சரியாச் சாப்பிடலை.”

கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்து, அவர் மறந்து மேசையில் வைத்திருந்த கண்ணாடியை எடுத்துத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

அன்று மாலை பெட்டியக்கா படியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இனிமேல் ‘உள்’ளைச் சேர்த்து எழுதுவீர்களா என்று கேட்டேன்.

“இனி வர்றதுக்கு எழுதலாம். ஏற்கெனவே ஒட்டினது அலமாரி அலமாரியா இருக்கே? எல்லாத்தையும் கிழிச்சு ஒட்ட யாரால முடியும்? கிடக்கட்டும். அவங்கெல்லாம் வந்து சண்டை போடப்போறாங்களா என்ன?”

ஒன்றாம் தேதிக்கு முந்தின நாள் காலையில் வண்டி வந்தது. சாமான்கள் ஏறின. பேராசிரியர் பின் இருக்கையில், தையல் இயந்திரத்துக்கும் ஒரு மெத்தைச் சுருளுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு எல்லோருக்கும் உத்தரவு போட்டார். முகத்தை இன்னும் தூக்கித்தான் வைத்திருந்தார். கீழ்வீட்டுக்காரரிடம் மட்டும், “தொட்டி முறை இனி உங்களுக்கே” என்று பெருந்தன்மையோடு சொன்னார். பாப்பா வீட்டுச் சொந்தக்காரரிடம் சாவியைக் கொடுத்தாள், மின்சார அளவைப் பார்த்துச் சொன்னாள், இறங்கிவந்து ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஏறினாள்.

“போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு” என்றேன்.

“பண்றேன்க்கா” என்று சொல்லி முடிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

தெருமுனை வரைக்கும் நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பேராசிரியர் முன்னால் குனிந்து, வலது பக்கம் போனால் சீக்கிரமா இடது பக்கம் போனால் சீக்கிரமா என்று ஓட்டுநருக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். ஓட்டுநர் தலையாட்டினார். பாப்பாவின் தலையும் ஆடிக்கொண்டிருந்தது. அவள் ஜன்னல் கண்ணாடியில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்க, அதற்குள் நன்றாகத் தூங்கிப்போயிருந்தாள்.